போண்டாவுக்குக் குளிர்

வெப்பமானி இருபத்திரண்டு என்றது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இருபத்துநான்கு. நேற்று சாயங்காலம் மேல்வளைவில் ஒரு சீகை மரம் வேரோடு சாய்ந்து கம்பிமேல் விழுந்து, கம்பி போஸ்ட்டை இழுத்து, அந்த போஸ்ட் அடுத்த போஸ்ட்டை இழுத்து, கபடியில் ஒருத்தன் காலைப் பிடித்தால் மொத்த டீமும் மேலே விழுமே, அப்படி வரிசையாகக் கிடக்கிறது என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனான். நாளைக்கு வந்துரும் சார். இந்த மழையில் நாளைக்கு என்றால் நாளை மறுநாள் என்று அர்த்தம். பாதி வயசைக் குன்னூரில் கழித்த குருபாதத்துக்கு இது தெரியாதா. ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, மப்ளரைக் காதோடு சுற்றி, கம்பளிக்குள் காலை இழுத்துக்கொண்டால் எந்தக் கரண்ட்டும் வேண்டாம், மனுஷனுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறதற்கு யார் ஸ்வெட்டர் போடுவது. அதற்கு அடியில் விரித்திருக்கும் சூட்டுப்பாய் கரண்ட் இருந்தால்தான் பாய், இல்லாவிட்டால் வெறும் ரப்பர். இது வெயில் ஊர்ப் பிராணிப்பா, நம்ம குளிர் இதுக்கு ஆகாது என்று பியூலா சொன்னாள். பியூலா. பார், பேர் வந்துவிட்டது. இந்த வீட்டில் அந்தப் பேர் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான், வாயைத் திறந்து எடுத்தால்தானே சட்டம் மீறினது ஆகும், மனசுக்குள் எடுத்ததற்கு யார் விசில் ஊதப்போகிறார்கள்.

உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து சின்னக் குகை மாதிரி வாசல் விட்டு மனைவி சாராள் வைத்திருந்தாள், அதற்குள் அது கிடந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே நீளம், கட்டைவிரல் பருமன், கறுப்பில் தேன் சிந்தின மாதிரி திட்டுத் திட்டாக. பிறந்து ஒரு வருஷம் ஆகாத பாம்புக்குட்டி. பயந்தால் தலையை நடுவில் புதைத்து உருண்டையாகிவிடும், அதனால் போண்டா. கிறிஸ்துமஸ் லீவில் பியூலா பெட்டியோடு வந்து இறங்கியபோது, பால் பைத்தான்ப்பா என்றாள், அவர் தள்ளி நின்றபடியே, பால் குடிக்குமா என்று கேட்டார். ஐயோ அப்பா, பால் இல்ல, பந்து, நீங்க பி.டி. வாத்தியார், பால்னா பந்துன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோயம்புத்தூரில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை அவளுக்கு. வெளிநாடு போகிற குடும்பம் ஒன்று பதிவுத்தாளெல்லாம் ஒழுங்காக வைத்து இதைக் கொடுத்துவிட்டுப் போனதாம். நாய்க்குட்டி கொடுக்கிற மாதிரி. அந்தச் சிரிப்புதான் இந்த வீட்டில் அவள் கடைசியாகச் சிரித்தது என்று நினைத்துக்கொண்டார், பிறகு இல்லை, ஜனவரியில் ஒரு தடவை வந்தாளே, அப்போதும் சிரித்திருப்பாள், கடைசி எது என்று அந்த நேரத்தில் எவனுக்குத் தெரிகிறது. பிப்ரவரியில் வந்தபோது கல்யாணம் முடித்து வந்தாள். ரிஜிஸ்டர் ஆபீசில். நம்ம சபையும் இல்லை, நம்ம ஆளும் இல்லை. அந்தப் பையன் கேட்டுக்கு வெளியே மூடுபனியில் நின்றான், முகம் தெரியவில்லை, கேட்டின் இடைவெளியில் அவனுடைய ஷூ மட்டும் தெரிந்தது, ஒரு லேஸ் அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. இனிமே உனக்கு இங்க ஆள் கிடையாது என்று குருபாதம் சொன்னார். கிரவுண்டில் பேசிப் பேசி வளர்ந்த தொண்டை, எதிர்ச்சரிவு வீடுவரைக்கும் கேட்டிருக்கும். அவள் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பெட்டி இருந்துவிட்டது.

எடுத்துட்டுப் போகச் சொல்லு என்று அவர் சாராளிடம் சொல்லாமல் இல்லை. இருக்கட்டும், அதுபாட்டுக்கு இருக்கு என்றாள். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள், இடுக்கியில் செத்த எலிக்குட்டியைப் பிடித்துப் பெட்டிக்குள் நீட்டக் கற்றுக்கொண்டாள். எலிக்குட்டிகள் ஃப்ரிட்ஜ் உறைபெட்டியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, அந்த டப்பா இருக்கிற ஃப்ரிட்ஜில் வைத்த மீன்குழம்பை அவர் தொட மாட்டேன் என்றார், ஒரு வாரம் பிடிவாதமாக இருந்துவிட்டுத் தொட்டார். வாரத்துக்கு ஒருநாள் தீனி. தீனிநாளில் சாராள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் முகம் பார்த்துப் பேசுவாள், அவர் முன்னறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பார். கதவு மெல்லிசு. சூடா இருக்கணும்மா, ஆனா ஈரம் மட்டும் ஆகவே கூடாது, ஈரமும் குளிரும் சேர்ந்தா நெஞ்சுல சளி கட்டிரும், வாயத் தொறந்துட்டு மூச்சு விடும், அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். அந்தக் குரலைக் கேட்பதற்காக அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, பேப்பர் படிக்கத்தான் உட்கார்ந்திருந்தார். சாராள் இதை இருக்கட்டும் என்றதே பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்றுதானோ. பாம்பைச் சாக்கு வைத்துப் பிழைக்கிற குடும்பம்.

சாராள் முந்தாநாள் காலையில் கீழே போனாள். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன், நாலுநாள் கூடமாட இருந்துட்டு வர்றேன். முந்தின ராத்திரி போண்டாவுக்குத் தீனி கொடுத்தாயிற்று, ஒரு வாரம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றாள். அவள் போன அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்துவிட்டது, கோத்தகிரி வழியும் அடைப்பு. அவள் போனுக்குக் காலையிலிருந்து அடிக்கிறார், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் பொறுமையாகச் சொல்கிறாள். தங்கச்சி நம்பருக்கு அடிக்கலாம். அடிக்கலாம்தான். அடித்து, அக்காவா, அக்கா இங்க வரலையே மச்சான் என்று அவள் சொல்லிவிட்டால்? அதனால் அந்த நம்பருக்கு மட்டும் அவர் அடிக்கவில்லை. தெரியாத வரைக்கும் சாராள் கண் ஆபரேஷனுக்குத்தான் போயிருக்கிறாள்.

ஒன்றும் செய்யாமல் இல்லை அவர். காஸ் அடுப்பில் வெந்நீர் கொதிக்கவைத்து, காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, மண்சட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, பரவாயில்லை குருபாதம், யார் உதவியும் இல்லாமல் வழி கண்டுபிடித்துவிட்டாய் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டார். எழுந்து வந்து பார்த்தால் பாட்டில் கொதிசூட்டில் வளைந்து சுருங்கி, மூடி நெகிழ்ந்து, தண்ணீர் முழுக்கப் பெட்டிக்குள். தென்னைநார்த் தூள் சொதசொதவென்று ஊறிக்கிடந்தது. அந்தச் சூடும் ஆறிப்போய் ஐஸ்தண்ணியாக இருந்தது, விரல்நுனியை வைத்துப் பார்த்தார். வெப்பமானி இருபது. போண்டா சட்டிக்குள் இல்லை. கண்ணாடி மூலையில் நனையாத இடம் என்று உள்ளங்கை அகலம் ஒன்று இருந்தது, அதில் பாதி உடம்பை ஏற்றி வைத்துக்கொண்டு தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தது. சாதாரணமாக நிழல் பட்டாலே உருண்டையாகிவிடும், இப்போது அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோயும் அசையவில்லை. வாயைத் திறந்திருக்கிறதா? இல்லை. திறந்த மாதிரி இருக்கிறது. இல்லை, அது அதன் உதட்டுக்கோடு. அது திறக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கப்போகிறாயா.

வெளியே எடுக்க வேண்டும். எடுப்பது என்றால் தொடுவது. ஒரே ஒரு தடவை அவர் கை ஒரு பாம்புவரை போயிருக்கிறது, அதுவும் ஹாக்கி மட்டையின் நீளத்தில். பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் நடக்கும்போது புல்லுக்குள்ளிருந்து வந்தது, பிள்ளைகள் அலறிச் சிதறினார்கள், அவர் ஓடிப்போய் மூன்றாவது அடியில் முடித்தார். கைதட்டல். பயாலஜி வாத்தியார் மெதுவாக வந்து குனிந்து பார்த்துவிட்டு, சாரைதான் சார், ஒண்ணும் பண்ணாது என்றார். அன்றைக்கு வீட்டில் சோறு பிசையும்போது இதைச் சொன்னார். பியூலா அப்போது நாலாம் வகுப்பு, அதுக்கு வலிச்சுதாப்பா என்றாள். பாம்புக்கு வலிக்காது என்றார். எங்கே படித்தார் அதை? எங்கேயும் படிக்கவில்லை, சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் அப்பளத்தை உடைத்துத் தின்றாள். நெடுநாள்வரைக்கும் அவள் அப்படித்தான் இருந்தாள், அப்பா சொன்னால் சரி, அப்பா சொன்னால் சரி, பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் தானே போய்ப் படித்துவிட்டாள்.

அவள் நம்பரை அழித்தாயிற்று, அன்றைக்கே, சாராள் பார்க்கப் பார்க்க. ஆனால் காலேஜில் சேர்ந்தபோது கடைக்குப்போய் நம்பர் பார்த்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே, போனை அழித்தால் விரல் மறக்குமா. ஜன்னலோரம் நின்றால் சிக்னல் ஒரு கோடு. பேட்டரி சிவப்பில். கூப்பிட்டால் தோற்றது அவர். எதில் தோற்றது? தெரியவில்லை, ஆனால் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது, இத்தனை மாதமாக ஒருத்தரும் ஸ்கோர் சொல்லாத ஆட்டம். கூப்பிடாமல் விட்டு இது செத்துப்போனால்? ஒரு பாம்புக்குட்டிதானே, குளிரில் செத்தது, மழை, கரண்ட் இல்லை, யார் என்ன செய்ய முடியும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது. கேட்காமல், அதுக்கு வலிச்சுதா என்று மட்டும் நினைத்துக்கொள்வாள். விரல் தானாகப் போட்டுவிட்டது. மணி அடிக்கிறது. யாருங்க பேசுறது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது, குருபாதம் என்றா, அப்பா என்றா, அப்பா என்று சொல்ல இன்னும் பாத்தியதை இருக்கிறதா, வைத்துவிடலாம், வைத்துவிடு.

"சார்?"

ஆண் குரல். ஹலோ இல்லை, எடுத்ததுமே சார். அப்படியென்றால் அந்தப் போனில் அவர் பேர் இன்னும் இருக்கிறது.

"நான் தணிகைவேல் பேசறங்க சார். பியூலா போன்தான். அவ தூங்கிட்டிருக்கா. சொல்லுங்க சார்."

லேஸ் அவிழ்ந்த ஷூ. இவ்வளவுதான் இவனைப்பற்றி அவருக்குத் தெரியும். "பாம்பு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாம்பு நனைஞ்சுபோச்சு."

"கரண்ட் இல்லீங்களா அங்க?"

"நேத்திலிருந்து இல்ல. வெந்நீர் பாட்டில் வெச்சேன், ஒழுகிருச்சு. சூடு இருபதுல நிக்குது."

"பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா உடனே வெளிய எடுத்தரணும். தின்னது வயித்துல இருக்கும், குளிர்ல அது செரிக்காது, அதுதான் ஆபத்து. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வெச்சுருங்க. துண்டு ஒண்ணு, சுத்தமான தலகாணி உறை ஒண்ணு எடுத்துக்குங்க."

யாரும் அவருக்கு இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி நாளாகிவிட்டது, அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்வார், கால் அகட்டு, கை மேலே, மூச்சை இழு. துண்டு எடுத்தார். உறை எடுத்தார். "எடுத்துட்டேன்" என்று சொல்லவும் செய்தார், வகுப்புப் பையன் மாதிரி.

"மேல இருந்து கையக் கொண்டுபோகாதீங்க சார், பருந்துன்னு நெனச்சுக்கும். பக்கத்துல இருந்து போயி, நடு உடம்புக்கு அடியில கை குடுத்துத் தூக்குங்க. தலைய விட்டுருங்க, அது தானா வரும்."

"கடிக்குமா?"

கேட்டபிறகுதான் கேட்டது தெரிந்தது. இன்னொரு ஆம்பிளையிடம், அதுவும் இவனிடம், கடிக்குமா என்று கேட்டுவிட்டார்.

"கடிச்சாலும் விஷம் கிடையாதுங்க, முள்ளு கீறின மாதிரிதான். இது கடிக்காது. அது உங்களவிடப் பயந்துபோயிருக்கும்."

உங்களைவிட. அப்படியென்றால் அவர் பயந்திருக்கிறார் என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது. கிண்டலா? குரலில் கிண்டல் இல்லை. காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொல்கிறான். அந்த நிதானம்தான் எரிச்சலாக இருந்தது, கிண்டலாவது இருந்தால் போனை வைத்திருக்கலாம். கையைப் பக்கவாட்டில் விட்டார். வழவழவென்று, கொழகொழவென்று இருக்கும் என்றுதான் அவர் தோல் இத்தனை வருஷமும் நினைத்திருந்தது. இல்லை. காய்ந்த பொருள். புது கிரிக்கெட் பந்தைத் தையல் இல்லாத பக்கம் தடவினால் இருக்குமே, அப்படி. ஆனால் ஜில்லென்று, உயிரில்லாத சாமான் மாதிரி ஜில்லென்று, அடிவயிற்றில் மட்டும் ஒரு மெல்லிய இழுப்பு, தசை ஒன்று யோசித்து யோசித்து அசைவதுபோல. தூக்கினார். கனமே இல்லை. பியூலாவை முதல்முதலாகக் கையில் கொடுத்தபோதும் இப்படித்தான், கனமே இல்லையே என்று பயந்தார், தலையப் பிடிங்க சார், தலையப் பிடிங்க என்று நர்ஸ் கத்தினாள். அன்றைக்குத் தலையைப் பிடி என்றார்கள், இன்றைக்குத் தலையை விட்டுவிடு என்கிறான் இவன்.

"எடுத்துட்டேன்."

"சூப்பர் சார். துண்டுல ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் உறைக்குள்ள விட்டு, வாயை முடிஞ்சு, உங்க பனியனுக்கு மேல, ஸ்வெட்டருக்குள்ள வயித்தோட வெச்சுக்குங்க. நம்ம உடம்புச் சூடு அதுக்குப் போதும்."

ஸ்பீக்கரில் அந்த வீடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம். அங்கே ஃபேன் போடுகிற வெயில். தெருவில் ஒரு ஆட்டோ. குக்கர் ஒரு விசில் விட்டது. அதற்குப் பின்னால், கிட்டே வந்துகொண்டே ஒரு குரல், அவர் எத்தனையோ வருஷம் கேட்ட குரல், "தம்பி, இந்தக் கஞ்சிக்கு உப்புப் போடலாமா, கூடாதுன்னாங்களா?"

சாராள்.

அவர் இரண்டு கையும் துண்டும் பாம்புமாக இருந்தன. போனை வைக்கக் கை இல்லை. கை இருந்திருந்தால் வைத்திருப்பார். தெரிந்ததுதானே, மூன்று நாளாக அவருக்குத் தெரியும், தங்கச்சி நம்பருக்கு அடிக்காமல் காத்து வைத்திருந்ததே இதைத்தானே, ஆனாலும் காதால் கேட்பது வேறு. அவன் போனைக் கையால் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை.

"யாருப்பா போன்ல?"

"சார்ங்க அத்தை."

"எந்த சார்?"

அவள் அத்தை. அவர் எந்த சார். அந்த வீட்டில் ஒரு அத்தை கஞ்சி காய்ச்சிக்கொண்டு புழங்குகிறாள், இங்கே அவர் துண்டால் பாம்பை ஒத்திக்கொண்டிருக்கிறார். ஒத்துவதை அவர் நிறுத்தவில்லை. உறைக்குள் விட்டார், முடிந்தார், ஸ்வெட்டரைத் தூக்கி வயிற்றில் வைத்துக்கொண்டார். குளிர் பனியனைத் தாண்டிப் பாய்ந்தது.

"யாருக்குக் கஞ்சி?" என்றார்.

"பியூலாவுக்குங்க சார்" தணிகைவேல் மெதுவாகச் சொன்னான். "மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்துட்டோம், இப்பப் பரவால்லைங்க, கண்ணு வெளுத்திருச்சு. நான் எது குடுத்தாலும் வாந்தி எடுத்தா. அத்தை வந்தப்புறந்தான் ரெண்டு வாய் உள்ள போகுது."

"ஏங்க" என்றாள் சாராள். அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று அவர் காத்திருந்தார், பொய் சொன்னதற்கு ஒரு பொய், இல்லை ஒரு அழுகை. "போண்டா எப்படி இருக்கு?"

"சட்டைக்குள்ள இருக்கு."

"யார் சட்டைக்குள்ள?"

"வேற யாரு இருக்கா இங்க. என் சட்டைக்குள்ளதான்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது, கஞ்சி பொங்குது என்று போய்விட்டாள்.

நாற்காலியில் சாய்ந்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது, தேயிலை எங்கே முடிகிறது பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்திருக்கிறாள், அவர் அந்த நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார், ஒருநாள் முடிவெட்டப் போனார், ஒருநாள் சர்ச்சில் கணீரென்று பாடினார். ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லியிருப்பார்? யாருக்கோ வந்தா எனக்கென்ன என்றிருப்பார், எதிர்ச்சரிவுவரைக்கும் கேட்க. அதனால்தான் சொல்லவில்லை. அவரிடம் ஒரு செய்தி சொல்வதற்குப் பாம்பை எடுப்பதைப்போல, மேலிருந்து வராமல், பக்கவாட்டில்தான் வரவேண்டியிருக்கிறது. வயிற்றில் இருந்த குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிராக இல்லாமல் ஆகிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் தன் சூடு முடிந்து அதன் சூடு தொடங்குகிறது என்று கவனித்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு அசைவு. உறைக்குள் மெதுவாக ஒரு வளைவு நிமிர்ந்து, இன்னொரு பக்கம் மடங்கி, அவர் விலா எலும்போரம் போய் அழுத்திக்கொண்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவருக்கு. கத்தவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டார், வயிறு பெரிதாக ஏறி இறங்கினால் அதற்குப் பயமாக இருக்குமே.

"அசையுது" என்றார் போனைப் பார்த்து. அவன் இன்னும் லைனில் இருந்தான்.

"அசையுதுங்களா! அப்பச் சரிங்க சார். இனிக் கவலையில்ல. பெட்டிய நல்லாத் துடைச்சுக் காயவெச்சு, கரண்ட் வந்தப்புறம் விட்டாப் போதும். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்." கொஞ்சம் தயங்கினான். "போன்ல சார்ஜ் இருக்குங்களா?"

"இருக்கு" என்றார். இல்லை. "அவ எழுந்தாச் சொல்லுங்க. பாம்பு நல்லா இருக்குன்னு."

"சொல்றங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னும் சொல்றேன்."

வைக்க வேண்டியதுதான். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது, அவனும் வைக்காமல் காத்திருந்தான், மரியாதைக்காக, பெரியவர் முதலில் வைக்கட்டும் என்று. அவர் வைக்கவில்லை. போனின் வெளிச்சம் ஒருமுறை மங்கி எழுந்தது.

"இத பஸ்ல எப்படிக் கொண்டுவர்றது?" என்றார்.

"எதுங்க சார்?"

"போண்டாவ. ரோடு திறந்ததும் கோயம்புத்தூருக்கு நான் வர்றேன். இத இங்க தனியா விட்டுட்டு வர முடியாதில்ல. பையில போட்டுக்கலாமா, இல்ல இப்படியே சட்டைக்குள்ள வெச்சுட்டு வரலாமா? சொல்லுங்க மாப்பிள்ளை."

போன் இருட்டாக இருந்தது. எப்போது இருண்டது என்று அவர் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார், நேரே பார்த்துச் சொல்ல வராது என்று. வர்றேன் வரைக்குமாவது போயிருக்குமா? பஸ் என்றபோது அவன் பதில் சொன்னான், அதுவரைக்கும் உயிர் இருந்தது. அதற்குப் பிறகு? கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான். இல்லை, சேர்ந்ததனால்தான் ஒன்றும் சொல்ல வராமல் நின்றிருப்பான், அதற்குள் அணைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினார், ஒரு பேட்டரிப் படம் வந்து கண்ணடித்துவிட்டுப் போனது. அந்த வார்த்தை போய்ச் சேராமல் இருந்திருந்தால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். இன்னொரு தடவை வருமா? முதல் தடவை எப்படி வந்தது என்றே தெரியவில்லை. மெதுவாகச் சொன்னோமோ, முனகினோமோ, அதனால்தான் கேட்கவில்லையோ. ஆளில்லாத வீட்டில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிரவுண்டின் அந்தக் கோடியில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரலில் அவர் சொல்லிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை!"

வயிறு அதிர்ந்தது. ஸ்வெட்டருக்குள் போண்டா சட்டென்று சுருண்டு, தலையை நடுவில் புதைத்து, இறுகின உருண்டையாகிவிட்டது. குருபாதம் பதறிப்போய் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டார்.

"உன்னச் சொல்லலடா" என்றார், குரலை இறக்கி. "நீ தூங்கு."